புதியதல்ல என்று ஒரு திருத்தம்

அறுபதுகளின் நடுவில் நான் செஞ்சியில் ஒரு சென்னை நாளிதழுக்குப் பகுதிநேர நிருபராக இருந்தேன். மீதி நேரத்தில் அதே நாளிதழின் விற்பனை முகவர். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு சிறிய கடையில் உட்கார்ந்து காலையில் பேப்பர் விற்பேன். பிற்பகலில் செய்தி எழுதுவேன். எழுதியதை உறையில் போட்டு மாலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டால் அது சென்னைக்குப் போய், இரண்டு மூன்று நாளில் அச்சாகி, அதே வழியாகச் செஞ்சிக்குத் திரும்பி வரும். ஒரு விஷயத்தை நேரில் பார்த்தவர்கள்கூட, பேப்பரில் வந்த பிறகுதான் அது நடந்ததாக ஒப்புக்கொண்டார்கள். அந்த நம்பிக்கைக்கு நான் எதுவும் செய்திருக்கவில்லை.

செய்திக்குப் பஞ்சம் உண்டு. மேல்மலையனூர்க் கோயிலின் அமாவாசைக் கூட்டத்தை மாதம் ஒருமுறை எழுதுவேன். தேதியை மட்டும் மாற்றினால் போதும். ராஜகிரிக் கோட்டைமலை ஏறும்போது மயங்கி விழுந்த வெளியூர்க்காரர் கிடைத்தால் அது ஒரு நல்ல வாரம். அப்படி ஒன்றும் கிடைக்காத ஒரு வாரத்தில்தான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் இயந்திரத்தைப் பற்றி எழுதினேன்.

அவர் கடை கடைத்தெருவில், பாத்திரக்கடைக்கும் மளிகைக்கடைக்கும் நடுவில் இருந்தது. சென்னையில் ஒரு கண்ணாடிக் கடையில் பல வருஷம் வேலை பார்த்து, வில்லை அரைக்கக் கற்றுக்கொண்டு திரும்பியவர். மற்ற ஊர்களில் சென்னைக்கு எழுதி வில்லை வரவழைப்பார்கள். இவர் தாமே அரைத்தார். ஒரு பழைய தையல் மெஷினின் கால்மிதியை மிதிக்க, மேலே கிண்ணம் போன்ற ஓர் இரும்பு அச்சு சுழலும். அதன்மேல் கண்ணாடித் துண்டை அழுத்திப் பிடித்து, தண்ணீரும் குருந்தக்கல் தூளும் சொட்டுச் சொட்டாக விட்டு, மணிக்கணக்கில் தேய்ப்பார். முதலில் கொரகொரப்பான தூள், பிறகு நடுத்தரம், கடைசியில் மாவு போன்ற தூள். நடுநடுவே வில்லையைக் கழுவி, ஒரு பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு கீறல் இருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு மயிரைப் பத்தாகப் பிளந்தால் வருகிற அளவுக்குமேல் தம் வேலையில் பிசகு கிடையாது என்று சொல்வார். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அவருக்கு இரண்டு பவர்தான் சரியாக அரைக்க வரும். இரண்டுக்கும் நடுவே பார்வை உள்ளவர்களிடம், கண் பழகிக்கொள்ளும் என்பார். நானும் அப்படிப் பழகிக்கொண்டவன்தான்.

கண் பரிசோதனைக்கு அவர் என் பேப்பரைத்தான் வைத்திருந்தார். என் செய்திகளை அவ்வளவு சிரத்தையோடு வேறு எங்கும் யாரும் படித்து நான் பார்த்ததில்லை. படிக்கத் தெரியாத பெண்களுக்கு ஒரு தட்டில் துவரம்பருப்பைக் கொட்டிக் கல் பொறுக்கச் சொல்வார். எத்தனை கல் போட்டோம் என்று அவருக்குத் தெரியும். ஒன்று குறைந்தாலும் அடுத்த கண்ணாடி.

அவருக்கு ஒரு குறை உண்டு. மலைமேல் இருந்த கோட்டைக்குள் அந்தக் காலத்தில் தண்ணீரை மேலே ஏற்றினார்கள், அதற்குப் பிறகு இந்த ஊரில் ஒருவனும் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்பார். இந்த இடைவெளியை நிரப்புவது தம் பொறுப்பு என்று அவர் கருதியது மெதுவாகத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

வாய்ப்பைக் கொண்டுவந்தவர் சிங்கவரத்து விவசாயி ஒருவர். கண்ணாடி வாங்க வந்தவர், கல் பொறுக்கும் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டே தம் கதையைச் சொல்லியிருக்கிறார். அரைக் காணி சம்பா நெல். அந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. ஏரி நம்புகிற மாதிரி இல்லை. கிணற்றில் தண்ணீர் உண்டு, இறைக்கத்தான் வழியில்லை. கவலை என்கிற தோல்சால் இறவையை ஓட்ட ஒரு ஜோடி மாடு வேண்டும். அவருடைய ஜோடியில் ஒன்று ஐப்பசியில் செத்துப்போனது. அக்கம்பக்கத்து மாடுகளெல்லாம் அவரவர் கிணற்றில் இறைத்துக்கொண்டிருந்தன. மின்சாரத்துக்கு மனுப் போட்டிருந்தார். கம்பங்கள் ஊர் எல்லை வரைக்கும் வந்து நின்றிருந்தன. மேற்கொண்டு வருவதற்கு அவற்றுக்கும் உத்தரவு வேண்டியிருந்தது.

ஒற்றை மாட்டை வைத்துத் தண்ணீர் இறைக்க வேண்டும். கண்ணாடிக்காரர் அன்றைக்கே கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டார்.

மூன்று வாரத்தில் இயந்திரம் தயாரானது. கிணற்றுக்குள் ஓர் இரும்புக் குழாய் இறங்கும். அதன் வழியாக ஒரு சங்கிலி மேலே ஏறி, சக்கரத்தைச் சுற்றி, குழாய்க்கு வெளியே கீழே இறங்கி, மறுபடி குழாய்க்குள் நுழையும். சங்கிலியில் ஒரு சாணுக்கு ஒன்றாக வட்டமான தோல் வில்லைகள். சங்கிலி ஏறும்போது இரண்டு வில்லைகளுக்கு நடுவே சிக்கிய தண்ணீர் கூடவே ஏறி மேலே கொட்டும். சக்கரத்தைச் சுற்ற ஒரு பழைய லாரியின் பின் அச்சு. ஒற்றை மாடு செக்கு மாடு மாதிரி வட்டமாக நடந்தால் போதும். இந்தத் தோல் வில்லைகள்தான் அவருடைய பெருமை. அறுபது வில்லைகளையும் கண்ணாடி அரைக்கிற அதே மிதி மெஷினில், அதே தூளை வைத்து, குழாயின் உள்வாய்க்கு மயிரளவும் மிச்சமில்லாமல் தேய்த்து எடுத்திருந்தார். ஒரு சொட்டுக்கூட ஒழுகாது என்று என்னிடம் சொன்னார். நான் அதை அப்படியே எழுதிக்கொண்டேன்.

கார்த்திகை மூன்றாவது வாரத்தில் குழாய், சங்கிலி எல்லாம் கிணற்றில் இறங்கிவிட்டன. அன்றைக்கே மாட்டைக் கட்டியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் வந்து ஓட்டித் தொடங்கி வைக்க வேண்டும் என்று கண்ணாடிக்காரர் மனு எழுதியிருந்தார். அதிகாரி முதலில் முகாமில் இருந்தார். பிறகு கூட்டத்தில் இருந்தார். அதற்குள் மார்கழி பிறந்துவிட்டது. மார்கழியில் புதிதாக எதையும் தொடங்குவது முறையில்லை, தை பிறந்ததும் நல்ல நாளில் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். கண்ணாடிக்காரருக்கு இதில் வருத்தமில்லை. தை மாதத்தில் பந்தலுக்கும் வசதியாக இருக்கும்.

அந்த வாரம் என் செய்தி வெளிவந்தது. நான் வைத்த தலைப்பு, ‘ஒற்றை மாட்டு இறவை இயந்திரம்’. சென்னையில் துணையாசிரியர் அதை ‘செஞ்சியில் புதிய கண்டுபிடிப்பு’ என்று மாற்றியிருந்தார். உள்ளே நான் இரண்டு இடத்தில் ‘புதிய’ என்று எழுதியிருந்தேன். அவர் மூன்றாவதாக ஒன்று சேர்த்திருந்தார். இயந்திரம் அதுவரை ஒரு சொம்புத் தண்ணீர்கூட இறைக்கவில்லை என்பது எங்கள் இருவருக்கும் செய்தியாகத் தோன்றவில்லை.

நெல் காத்திருக்கவில்லை. மார்கழி நாலாம் தேதி விவசாயி பொறுமையிழந்து, அதிகாரியும் வேண்டாம் பந்தலும் வேண்டாம், ஓட்டிவிடலாம் என்று மாட்டைக் கொண்டுபோனார். அவருடைய அண்ணன் கிணற்றடியில் நின்று தடுத்துவிட்டார். அது பங்குக் கிணறு, அண்ணனுக்குப் பாதி. மறுகரையில் அண்ணனின் கவலை ஒரு நல்ல ஜோடி மாடுகளோடு தினமும் ஓடிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கமும் இறைத்தால் தண்ணீர் மட்டம் இறங்கும். இதை அவர் சொல்லவில்லை. மார்கழி என்று மட்டும்தான் சொன்னார். எழுத்து வாசனை இல்லாதவர், ஆனாலும் என் பேப்பரை நான்காக மடித்து மடியில் வைத்திருந்தார்.

“பேப்பர்லயே போட்டுருக்குது, புதுசுன்னு. மார்கழியில பங்குக் கெணத்துல புதுசு ஓட்டி குடும்பத்துல ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? பேப்பர்காரன் வருவானா?”

டீக்கடையில் யாரைக் கேட்டாலும் அண்ணன் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்றார்கள். அவர் உள்நோக்கத்தை அத்தனை பேரும் அறிவார்கள். நியாயம் அதனால் குறைந்துவிடவில்லை.

மறுநாள் காலை விவசாயியின் மனைவி என் கடைக்கு வந்தார். விவசாயி அதிகம் பேசாதவர். வீட்டுக்குத் தேவையான பேச்சையெல்லாம் இவர்தான் பேசுவார் என்று பிறகு தெரிந்தது. வந்தவர் உட்காரவில்லை.

“பேப்பர்காரரே, நீங்கதான் புதுசுன்னு போட்டீங்களா?”

ஆமாம் என்றேன்.

“அப்ப பழசுன்னு போடுங்க.”

பேப்பர் தானாக அப்படியெல்லாம் மாற்றிச் சொல்லாது என்று விளக்கினேன். சம்பந்தப்பட்டவர் கைப்பட எழுதி மறுத்தால் மட்டும் மறுப்புச் செய்தியாக வரும். சம்பந்தப்பட்டவர் என்றால் கண்டுபிடித்தவர். அவர் மறுப்பாரா என்று நான் கேட்டு முடிப்பதற்குள் அந்த அம்மாள் கடைத்தெருப் பக்கம் நடந்தார். செய்தி என்று பட்டதால் நானும் கூடப் போனேன்.

கண்ணாடிக்காரர் யாருக்கோ வில்லை அரைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் காலை மிதியிலிருந்து எடுத்தார். அந்த ஊரில் முந்நூறு வருஷத்துக்குப் பிறகு ஒருவன் கண்டுபிடித்ததை அவனே இல்லை என்று எழுதித் தருவதா என்று என்னைப் பார்த்துக் கேட்டார். பதில் அந்த அம்மாளிடம் இருந்தது. ஒவ்வொரு பாகமாக எடுத்துக்கொண்டார். சங்கிலி அரிசி மில்லில் கழித்துப் போட்டது. அச்சு லாரியில் ஓடித் தேய்ந்தது. சக்கரம் யாரோ கரும்பாலைக்காரரிடம் வாங்கியது. தோல் தங்கள் வீட்டுக் கவலையின் பழைய தோல். அவர் மாமனார் காலத்தில் வாங்கியது. இதில் புதிது என்ன இருக்கிறது என்று கேட்டார்.

குழாய் புதிது என்றார் கண்ணாடிக்காரர். விழுப்புரத்திலிருந்து வரவழைத்தது.

“அது கார்த்திகையிலயே எறங்கிடுச்சுங்களே.”

கண்ணாடிக்காரர் விடவில்லை. “பாகமெல்லாம் பழசுதாம்மா. யோசனை புதுசு.”

“யோசனைய நாங்க ஓட்டப் போறதில்லீங்க.”

இதற்குமேல் வாதம் நடக்கவில்லை. அந்த அம்மாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு நெற்கதிரை எடுத்துக் கண்ணாடிகள் அடுக்கியிருந்த பலகைமேல் வைத்தார். கண்ணாடிக்காரர் பழக்கதோஷத்தில் பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கினார். ஒரு நெல்லை நகத்தால் பிளந்து பார்த்தார். பிறகு இன்னொன்று. பிறகு கதிரின் அடியிலிருந்து நுனிவரை வரிசையாக. கீறல் பார்க்கிறவர்கள் ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றவற்றை ஊகிக்க மாட்டார்கள். உள்ளே பால் அரைகுறையாக இருந்தது. நுனிப்பக்கம் சில மணிகளில் இல்லவே இல்லை. எவ்வளவு நாள் தாங்கும் என்று கேட்டார். பத்து நாள், பனி நன்றாக விழுந்தால் இன்னும் ஒரு நாள் என்றார் அந்த அம்மாள்.

கண்ணாடிக்காரர் என்னிடம் ஒரு காகிதம் கேட்டார். நான் கொடுத்தேன். மேற்படி இயந்திரத்தில் புதியது எதுவும் இல்லை, பல காலமாக வழக்கில் இருந்த பொருள்களையே ஒன்றுசேர்த்தேன், புதிய கண்டுபிடிப்பு என்று வெளியான செய்தி சரியல்ல என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்து வில்லை அரைக்கிற மாதிரியே மெதுவாக விழுந்தது. பிறகு அந்தக் கதிரைத் திருப்பிக் கொடுக்காமல் மேஜை இழுப்பறையில் போட்டுக்கொண்டார்.

அன்று மாலை பஸ்ஸில் உறை போனது. அடுத்த நாள் பேப்பரில் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அந்த அம்மாள் இரண்டு நாளும் சிங்கவரத்திலிருந்து நடந்து வந்து, பேப்பர்க் கட்டை நான் பிரிக்கும்வரை நின்று, பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். மூன்றாம் நாள் வந்திருந்தது. சாதாரணமாக மறுப்பு என்றால் மூலையில் நாலு வரி வரும். நம் துணையாசிரியருக்கு இதில் ஒரு சுவை தட்டியிருக்க வேண்டும். ‘செஞ்சி இயந்திரம் புதியதல்ல: அமைத்தவரே ஒப்புதல்’ என்று இரண்டு பத்தித் தலைப்பு. யாரோ திருட்டை ஒப்புக்கொண்ட மாதிரி இருந்தது. அந்த அம்மாள் இரண்டு பிரதி வாங்கினார். ஒன்று மாமாவுக்கு, அதை அவர் கிழித்துப்போட்டால் இன்னொன்று என்றார். கணவரின் அண்ணனைத்தான் மாமா என்றார்.

கண்ணாடிக்காரரையும் அழைத்துக்கொண்டு நானும் போனேன். டீக்கடையில் செய்தியைச் சத்தமாகப் படித்தார்கள். அண்ணன் மறுபடி ஒருமுறை படிக்கச் சொன்னார். பிறகு, பழசு என்றால் அதை எதற்கு ஓட்டுகிறீர்கள் என்று கேட்டுப் பார்த்தார். அது எடுபடவில்லை. பழையதை ஓட்டக் கூடாது என்று எந்த மாதத்திலும் விதி இல்லை. பேப்பரே சொன்ன பிறகு மேலே பேசவும் முடியாது. முந்தின பேப்பரை நம்பியவர் அவர்தானே. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்க்கக் கிணற்றடிக்கு வந்தார்.

மாட்டைக் கட்டினார்கள். மாடு நடந்தது, சக்கரம் சுற்றியது, சங்கிலி மூன்று முழம் ஏறி நின்றுவிட்டது. மாட்டைத் தட்டினார்கள். மாடு திரும்பிப் பார்த்தது.

காரணத்தைக் கண்டுபிடிக்கக் கண்ணாடிக்காரருக்கு அதிக நேரம் ஆகவில்லை. அவர் தோல் வில்லைகளைக் காய்ந்த நிலையில் அளவெடுத்துத் தேய்த்திருந்தார். அவை மூன்று வாரமாகத் தண்ணீரில் ஊறி உப்பிக் குழாய்க்குள் கார்க் மாதிரி இறுகிவிட்டன. கண்ணாடி ஊறாது, தோல் ஊறும். வாழ்நாள் முழுவதும் ஊறாத பொருளோடு பழகியவருக்கு இது நினைவில் வராததில் ஆச்சரியமில்லை. கவலை இறைக்கிறவர்கள் அத்தனை பேருக்கும் தோல் ஊறும் என்பது தெரியும். ஆனால் கண்டுபிடிப்பைப் பற்றி அவர்களிடம் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அறுபதையும் கழற்றி, நிழலில் உலர்த்தி, கடைக்குக் கொண்டுபோய், ஊறலுக்கு இடம் விட்டுத் தேய்த்துத் தருகிறேன் என்றார். எட்டு நாள் ஆகும். சொன்ன பத்து நாளில் நாலு நாள் ஏற்கெனவே போயிருந்தது. மாட்டைப் பின்பக்கமாக நடத்த முடியாது என்பதால் நாலு பேர் சக்கரத்தைப் பிடித்து எதிர்ப்பக்கம் சுற்றி, இறுகியிருந்த வில்லைகளை வெளியே தள்ளினார்கள். அந்த நாலு பேரில் அண்ணனும் ஒருவர்.

அந்த அம்மாள் புல் அறுக்கப் போகிறவர் மாதிரி அரிவாளோடு கிணற்று மேட்டில் உட்கார்ந்தார். சங்கிலியை மடிமேல் இழுத்து முதல் வில்லையின் ஓரத்தை நகத்தளவு அரிந்தார். இரண்டாவதில் கொஞ்சம் கூடப் போய்விட்டது. மூன்றாவது வட்டமாகவே இல்லை.

“அளவு கெட்டுப்போவும்மா” என்றார் கண்ணாடிக்காரர்.

“கெடட்டுங்க.”

அவர் கொஞ்ச நேரம் வேலியோரம் போய் நின்றார். பார்க்க முடியவில்லை போலிருக்கிறது. திரும்பி வந்தபோது இருபது வில்லைகள் முடிந்திருந்தன. எதிரே உட்கார்ந்து, அந்த அம்மாள் அரிவதற்கு வசதியாகச் சங்கிலியை ஒவ்வொரு சாணாக நகர்த்திக் கொடுக்க ஆரம்பித்தார். உச்சி வெயிலில் அறுபதும் முடிந்தன. மாட்டை மறுபடி கட்டினார்கள். முதலில் துருவும் சேறும் வந்தது. பிறகு தண்ணீர் வந்தது. மூன்றில் ஒரு பங்கு குழாய்க்குள்ளேயே திரும்பி விழுந்துகொண்டிருந்தது. அந்தச் சத்தம் வெளியே கேட்டது. மீதி இரண்டு பங்கு வாய்க்காலில் இறங்கிப் போனது. விவசாயி மண்வெட்டியோடு முன்னால் ஓடி மடையைத் திறந்தார். அன்று பொழுது சாய்வதற்குள் வயலில் முக்கால் பங்கு நனைந்தது. மறுநாள் காலை மீதியும் நனைந்தது. அண்ணனின் கவலையும் மறுகரையில் ஓடியது. கிணறு இரண்டையும் தாங்கியது.

இந்த முறை நான் பேப்பருக்கு எதுவும் எழுதவில்லை. பழைய இயந்திரம் ஒன்று தண்ணீர் இறைத்தது என்பதைத் துணையாசிரியரிடம் எப்படி விற்பது என்று தெரியவில்லை.

கண்ணாடிக்காரர் அவமானப்பட்டது கடைத்தெருவில்தான். கண்ணாடி வாங்க வந்தவர்கள் வில்லையைத் தட்டிப் பார்த்து, “இதுவும் பழசுதானா?” என்று கேட்டார்கள். மளிகைக்கடைக்காரர் அதையே தினமும் கேட்டார். தை பிறந்ததும் வட்டார அலுவலகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நாளிதழில் வெளியான மறுப்பின்படி மேற்படி இயந்திரம் புதியதல்ல என்று தெரியவருவதால், தொடக்க விழா கோரும் மனு முடித்து வைக்கப்படுகிறது. கடிதத்தை எனக்குப் படிக்கக் கொடுத்தார். பிழை எதுவும் இல்லை என்றேன்.

பேசிக்கொண்டிருக்கும்போதே சிங்கவரத்து அம்மாள் வந்தார். அறுப்பு முடிந்திருந்தது. முழு விளைச்சல் இல்லை. நுனியில் பதர் இருந்தது. ஆனாலும் வருஷத்துச் சாப்பாட்டுக்கு ஆகிவிட்டது என்றார். ஒரு பையில் அந்த நெல்லின் புது அரிசி கொண்டுவந்திருந்தார். கண்ணாடிக்காரர் அதை வாங்கிக்கொண்டு, மெஷின் ஓடுகிறதா என்று கேட்டார். ஓடுகிறது, இப்போது மல்லாட்டைக்கு, அதாவது நிலக்கடலைக்கு, இறைக்கிறோம் என்றார் அந்த அம்மாள். ஒழுகுகிறதா என்று கேட்டார். முன்னைவிட அதிகமாக ஒழுகுகிறது என்றார்.

கண்ணாடிக்காரர் கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து அவர் முகத்தில் இல்லாத உற்சாகம் அப்போது வந்தது. மேஜையிலிருந்து ஒரு தோல் வட்டத்தை எடுத்தார். தண்ணீரில் ஊறவைத்து, ஊறிய அளவுக்குத் தேய்த்த வட்டம். இது சரியாக நிற்கும், அறுபதும் தயாராகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை வந்து மாட்டிவிடுகிறேன் என்றார்.

அந்த அம்மாள் அந்த வட்டத்தைக் கையில் வாங்கி மரியாதையாகப் பார்த்தார். திருப்பி மேஜைமேல் வைத்தார்.

“ஒழுகுனா ஒழுகட்டுங்க, ஓடுதுல்ல. நீங்க வர வேணாம்.”

பையை உதறி மடித்துக்கொண்டு, வருகிறேன் என்று என்னிடமும் சொல்லிவிட்டுப் போனார். கண்ணாடிக்காரர் வட்டத்தை எடுத்து விளிம்பை வெளிச்சத்தில் ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு அதை அச்சின்மேல் அழுத்திக்கொண்டு மிதியில் காலை வைத்தார். கடைக்கு வெளியே ஒருவர் கண் பரிசோதனைக்குக் காத்திருந்தார்.